தொட்டியைக் கட்டியது கண்ணாடி அல்ல

ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு அந்தக் கல்லுடையது இல்லை, கண்ணாடியுடையது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். காய்ந்ததும் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தனியாக, கல் தனியாக வந்துவிடும். மேலே எந்த மெருகும் கிடையாது. கண்ணாடி, சிமெண்ட், தண்ணீர் மூன்றும் எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்று தெரிந்த ஊர்ப்பக்கம் இது. வீட்டில் பெரிய மீன் தொட்டி கட்ட நினைப்பவருக்கும் முதலில் எழும் கேள்வி அதுதான்.

பயணநூல்களுக்காக அறியப்பட்ட சோமலெ 1921-இல் பிறந்த நெற்குப்பையும் மற்ற நகரத்தார் ஊர்களைப் போலக் கடல் தாண்டிய பொருள்களால் கட்டப்பட்டதுதான். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. நிலைக்கண்ணாடியும் வண்ணக் கண்ணாடியும் வந்த அதே காலத்தில் ஐரோப்பாவில் கண்ணாடி வேறொரு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தது. பிரிட்டனில் 1845-இல் கண்ணாடி மீதான வரி நீங்கி விலை இறங்கியது. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் சேர்ந்தால் தண்ணீர் கெடாமல் இருக்கும் என்று காட்டினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. அந்த ஆசை நம் பக்கமும் வந்தது. 1909-இல் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள்.

ஆனா அந்தக் காலத்துத் தொட்டிகளில் பலவீனமான இடம் கண்ணாடி இல்லை, மூலைதான். இரும்புச் சட்டம், கீழே பலகைக்கல், இடுக்கில் மக்கு. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். மக்கில் ஈயம் இருந்தால் மீனுக்கு ஆபத்து. மக்கு காய்ந்து இறுகிவிட்டால், தொட்டியை நகர்த்தும்போது ஒழுகத் தொடங்கும். 1960களில் சிலிக்கோன் பசை வந்த பிறகுதான் சட்டமே இல்லாமல் ஐந்து கண்ணாடியை ஒட்டி ஒரு தொட்டியாக்க முடிந்தது. பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறை, சீரான தடிமனுள்ள தகடுகளைத் தந்தது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரிலேயே அப்படி ஒரு ஆலை வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும், அதாவது 680 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தண்ணீர் சுமார் 340 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். இந்தத் தள்ளல் உயரத்தின் வர்க்கத்தோடு கூடும். 2 அடி 3 அடி ஆனால் இரண்டே கால் மடங்கு. ஒரு அடிதானே என்று உயரத்தைக் கூட்டக் கூடாது என்பது இதனால்தான். நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில், கெட்டியான தரையில்தான் வைக்க வேண்டும், மாடியில் தேக்கு உத்திரத்தின் மேல் ஏற்றுவது வம்பு.

அக்ரிலிக் கண்ணாடியின் பாதி எடைகூட இல்லை, எளிதில் உடையாது, தெளிவும் அதிகம். கலிபோர்னியாவில் 1984-இல் திறந்த மாண்டரே காட்சியகத்தின் 28 அடி உயரத் தொட்டிக்கு அதுதான் சரி. ஆனா பாசியைத் துடைக்கும்போது ஒரு மணல் துணுக்கு மாட்டினால் போதும், கீறல் நிரந்தரம். வீட்டுக்குக் கண்ணாடி நல்லது. பசை வாங்கும்போது பூஞ்சை தடுக்கும் மருந்து சேர்த்த குளியலறைச் சிலிக்கோனைத் தவிர்க்க வேண்டும், அந்த மருந்து மீனைக் கொல்லும். ஒட்டிய பிறகு வினிகர் வாசம் முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூன்றாவது வழி, சிமெண்ட் தொட்டி. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் காரமாக்கும், அதில் விட்ட மீன் பிழைக்காது. அதனால்தான் வாழைத்தண்டையோ புளியையோ போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முட்டையும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன இந்த ஊர்களில் சுண்ணாம்பின் இந்தக் குணத்தை யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே கண்ணாடியும் சிமெண்டும் மட்டும் தீர்மானிப்பதில்லை. செட்டிநாட்டில் பல வீடுகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் திறக்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்கு மோட்டார் ஓட வேண்டும், தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். கரண்ட் போய் நெடுநேரம் வராவிட்டால் நெருக்கமாக வளர்க்கும் மீன்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதே ஊரில் ஊருணி மோட்டார் இல்லாமல் மீனை வளர்க்கிறது. பரந்த நீர்ப்பரப்பு, குறைவான மீன், மண், செடி, மழை. வாரிங்டன் ஒரு ஜாடியில் காட்டியதை ஊருணி பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது.

ஆள் குடியிருக்கும் வீட்டில் கண்ணாடித் தொட்டியைத் தாராளமாக வைக்கலாம். பூட்டிய வீட்டுக்கு, வளவு முற்றத்தில் மழை விழும் இடத்தில், அதிக ஆழமில்லாத அகன்ற சிமெண்ட் தொட்டி. அல்லியும் பாசியும் போட்டுச் சில கப்பி மீன்கள். அதுவும் கோடையில் வற்றும், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்ற ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சிமெண்ட் மூட்டையே வாங்க வேண்டும்.