நாட்பட்ட வாய்ப்புண்ணில் காசநோயை இனங்காணல்: கல்வராயன்மலைக்கு ஏற்ற நோயறி வரிசை

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் ஒருவரின் நாக்கோரத்தில் ஆறாத புண்ணும் கழுத்தில் நெறிக்கட்டியும் இருந்தால், மருத்துவர் முதலில் புற்றுநோயை ஐயுறுவது சரியே. ஆனால் ஐயம் அதோடு நின்றுவிடக் கூடாது. வாய்க் காசநோய் அரிது. எனினும் அதே இடத்தில் அதே தோற்றத்துடன் வரக்கூடியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன்மலை போன்ற மலை வட்டாரத்தில் புதிய கருவிகளைவிடப் பரிசோதனைகளைச் செய்யும் வரிசையே நோயறிதலைத் தீர்மானிக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உமிழ்நீரும் சிதையாத சவ்வும் காசநோய்க் கிருமியை எளிதில் உள்ளே விடுவதில்லை. உடைந்த பல் உரசிய இடத்தில், நுரையீரலிலிருந்து வரும் சளியின் வழியாகக் கிருமி நுழைகிறது. இவ்வாறு தோன்றும் புண் பெரும்பாலும் நாக்கில் வரும், வலிக்கும், அதன் விளிம்பு ஒழுங்கற்று, அடியில் குடைந்திருக்கும். புற்றுப்புண்ணின் விளிம்போ தடித்துப் புறம் மடிந்திருக்கும். இவ்வேறுபாடு ஐயத்தை எழுப்ப உதவுமே தவிர முடிவுக்குப் போதாது. சிபிலிஸ், ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ் ஆகியவையும் இதே தோற்றம் காட்டுவதுண்டு.

எனவே திசுப்பரிசோதனை தவிர்க்க முடியாதது. அதிலும் மூன்று இடறல்கள் உள்ளன. மேலோட்டமாக எடுத்த திசுவில் ஆழத்திலுள்ள கிரானுலோமா (காசநோயில் உருவாகும் அழற்சி முடிச்சு) அகப்படாது. மேற்சவ்வின் மிகைவளர்ச்சி மட்டும் தெரிந்து புற்றுநோய் என்ற மயக்கம் தரும். திசு முழுவதையும் ஃபார்மலினில் இட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. கிருமிகள் குறைவாக இருப்பதால் சீல்-நீல்சன் சாயத்தில் எதுவும் தெரியாமலும் போகலாம். அதைக் கொண்டு காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே புண்ணின் விளிம்பிலிருந்து ஆழமாக எடுத்த திசுவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதை உப்புநீரிலும் அனுப்ப வேண்டும். பின்னதில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் கிருமி வளர்ப்பும் செய்யலாம்.

சளிப் பரிசோதனையே போதாதா என்று கேட்கலாம். சளியும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம் தேவை. இருமல் இல்லாதவருக்கும் தேவை. ஆனால் நுரையீரலில் காசநோய் உறுதியானால் வாய்ப்புண்ணும் அதுவே என்று ஆகிவிடாது; ஒரே உடலில் காசமும் புற்றும் சேர்ந்திருக்கக் கூடும்.

இவ்வரிசையை எங்கே நடத்துவது? 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. திசு எடுப்பது அங்கே நடக்கட்டும். மலைமேலுள்ள வெள்ளிமலைப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களிடம் எதிர்பார்க்க வேண்டியது வேறு: கூர்மையான பல்லைத் தேய்த்துச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு ஸ்டீராய்டு களிம்போ லெவோஃப்ளாக்சசின் நுண்ணுயிர்க்கொல்லியோ தராமல் மேல்மருத்துவத்துக்கு அனுப்புதல். முன்னது தொற்றை வளரவிடும். பின்னது காசநோயைத் தற்காலிகமாக அடக்கி மறைக்கும். மலையிறங்கி வரும் மலையாளிப் பழங்குடியினர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள். ஆகவே சளி, எக்ஸ்ரே, எச்ஐவி, சர்க்கரை, திசு ஆகிய அனைத்தும் ஒரே வருகையில் முடிய வேண்டும்.

காசநோய் உறுதியானால், 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றையும் உடனே பார்க்க வேண்டும். வாய்வலியால் உண்ண முடியாதவர் விரைவில் மெலிவார். முறையான மருந்தில் சில வாரங்களில் புண் ஆறத் தொடங்கும். ஆறாவிட்டால் மருந்தெதிர்ப்பையும் புற்றுநோயையும் தேடி மீண்டும் திசு எடுக்க வேண்டும். புண் ஆறும்வரை நோயறிதல் முடிவடைவதில்லை.