ஸக்ர்: அரபு கற்ற கணிப்பொறி

அரபு இலக்கியம் பயின்றோர் 'ஸக்ர்' என்னும் பெயரைக் கேட்டதும் கன்ஸா அம்மையாரை நினைவு கூர்வர். பனூ ஸுலைம் குலத்தில் தோன்றிய அப்பெண்பாற் புலவர், போரிற் காயமுற்று மாண்ட தம் உடன்பிறந்தார் ஸக்ரை எண்ணிப் பாடிய இரங்கற் பாக்கள் அரபுலகில் இன்றளவும் ஓதப்பெறுகின்றன. பின்னர் அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்பது வரலாறு. 'ஸக்ர்' என்னும் சொல்லுக்குப் பாறை என்பது பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே பெயர் இன்னொரு பொருளுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஐம்பது வயதைத் தொடும் குவைத்தியர் ஒருவரிடமோ சவூதியர் ஒருவரிடமோ 'ஸக்ர்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும். தம் தந்தையார் வாங்கித் தந்த முதற் கணிப்பொறி அவர் கண்முன் வந்து நிற்கும். அரபு எழுத்துப் பொறித்த விசைப்பலகையையும், அது இணைக்கப்பட்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையும், அதன் முன் உடன்பிறந்தாருடன் சண்டையிட்டுக் கழித்த மாலைப் பொழுதுகளையும் அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அப்பொறியின் வரலாற்றையும், அது நமக்குச் சொல்லும் செய்தியையும் இங்கே காண்போம்.

1970களின் நடுப்பகுதி வரை கணிப்பொறி என்றால் பல்கலைக்கழகங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் குளிரூட்டிய அறைக்குள் வைத்துப் போற்றப்பட்ட பொருளாகவே இருந்தது. 1977இல் அமெரிக்காவில் ஆப்பிள் 2, காமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகியவை விற்பனைக்கு வந்தபின் அது வீட்டு மேசைக்கு இறங்கி வந்தது. 1982இல் பிரிட்டனில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமும் அமெரிக்காவில் காமடோர் 64உம் வெளிவந்தன. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பொறிக்கென எழுதப்பட்ட நிரல் மற்றொரு நிறுவனத்தின் பொறியில் ஓடாது. இக்குறையை நீக்க 1983 ஜூன் மாதம் ஜப்பானில் ஒரு பொதுத் தரம் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் எம்.எஸ்.எக்ஸ். ஆஸ்கி நிறுவனத்தின் கஸுஹிக்கோ நிஷி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து அதனை வகுத்தார். ஸோனி, ஸான்யோ, யமஹா, தோஷிபா எனப் பல நிறுவனங்கள் அத்தரத்தை ஏற்றன. ஒருவர் செய்த பொறிக்கு எழுதிய நிரல் மற்றவர் செய்த பொறியிலும் ஓடியது.

எம்.எஸ்.எக்ஸ். பொறியின் உள்ளே இருந்தது இசட் 80 என்னும் சில்லு. நொடிக்கு ஏறத்தாழ 36 இலட்சம் துடிப்பு அதன் வேகம். திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள், வண்ணங்கள் 16. பல பொறிகளின் நினைவகத்தில் 64 கிலோபைட், அதாவது 65,536 எழுத்துகளுக்கு இடம். இன்று சட்டைப் பையிற் கிடக்கும் கைபேசியோடு ஒப்பிட்டால் இவை எறும்பின் வலிமையே. எனினும் அன்று ஒரு குடும்பம் வியந்து நிற்க அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் இப்பொறிகள் அறிந்த மொழி ஆங்கிலம். அரபு நாட்டுச் சிறுவன் ஒருவன் கணிப்பொறியோடு பேச வேண்டுமாயின், முதலில் அவன் தன் மொழியை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். குழந்தை பொறிக்காக மொழி மாறுவதா? பொறி குழந்தைக்காக மொழி கற்பதா? இக்கேள்வியை எழுப்பி விடை கண்டவர் குவைத்தைச் சேர்ந்த முஹம்மது அப்துர் ரஹ்மான் அஷ்ஷாரிக் (1942–2024) அவர்கள். பொருளியல் பயின்ற அவர், அல் ஆலமிய்யா நிறுவனத்தின் வழியாக 1982இல் ஸக்ர் முயற்சியைத் தொடங்கினார். எம்.எஸ்.எக்ஸ். தரத்தைத் தேர்ந்து, யமஹா, ஸான்யோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களைக் கொண்டு அரபு அறிந்த பொறிகளைச் செய்வித்தார். ஏ.எக்ஸ். 150, ஏ.எக்ஸ். 170 எனத் தொடர்ந்த அவை வளைகுடா நாடுகளின் வீடுகளிலும் பள்ளிகளிலும் புகுந்தன.

விசைகளின் மேல் அரபு எழுத்தை ஒட்டிவிட்டால் பொறி அரபு கற்றுவிடுமா? மத்ரஸாவில் அலிஃப், பா ஓதிய எந்தக் குழந்தையும் இதற்கு விடை கூறும். அரபு எழுத்துகள் 28. அவற்றுட் பெரும்பாலானவை தனித்து நிற்கையில் ஒரு வடிவும், சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் ஒரு வடிவும், கடையில் ஒரு வடிவும் கொள்வன. அலிஃப், தால், தால் (புள்ளியுடையது), ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தமக்குப் பின்வரும் எழுத்தோடு சேரா. லாமும் அலிஃபும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் பின்னிப் புதிய உருக்கொள்ளும். எழுத்து வலமிருந்து இடம் செல்லும். இடையே ஓர் எண் வந்தாலோ, அது இடமிருந்து வலம் செல்லும். ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா முதலிய உயிர்க்குறிகள் மேலும் கீழும் அமரும்.

இவற்றையெல்லாம் பொறி தானே அறிந்து செய்தல் வேண்டும். எழுத்து ஒன்றுக்கு எண் ஒன்றுதான் நினைவகத்தில் இருக்கும். அவ்வெழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்பவை எவை என்று பார்த்து, பொருந்திய வடிவைப் பொறி திரையில் வரைய வேண்டும். அரபு நாடுகளின் தர நிர்ணய அமைப்பு 1986இல் வெளியிட்ட 'அஸ்மோ 708' என்னும் குறியீட்டுத் தரமும் இக்கொள்கையையே கொண்டது. விசையை அழுத்த அழுத்த, முன் எழுதிய எழுத்து உருமாறிப் பின்வந்த எழுத்தைக் கைகோத்துக் கொள்வதைக் காண்பது, கைதேர்ந்த கத்தாத் ஒருவரின் எழுதுகோலைக் காண்பது போன்ற இன்பம் தந்தது.

அரபு எழுத்து, காலத்தின் தேவைக்கேற்பத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டது இது முதன்முறையன்று. அரபல்லாதார் இஸ்லாத்தில் பெருகியபோது ஓதுவதிற் பிழை நேராதிருக்க, அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் புள்ளிகளால் உயிரொலிகளைக் குறித்தார்கள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மது அவர்கள், இன்று நாம் காணும் உயிர்க்குறிகளை வகுத்தார்கள். நம் முன்னோரும் தமிழின் ஒலிகளை எழுத அரபு எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்து அரபுத் தமிழை ஆக்கி, அதில் மார்க்க நூல்களையும் இல்லற நூல்களையும் யாத்தார்கள். எழுத்தை மக்களுக்காக வளைத்த அம்மரபின் வரிசையில் ஸக்ரையும் வைத்து எண்ணுவது தகும்.

எம் இல்லத்திற்கு அப்பொறி வந்தது 1987ஆம் ஆண்டில். குவைத்திலே வேலை பார்த்த தாய்மாமன் விடுமுறையில் வந்தபோது, அத்தர்ப் புட்டிகளுக்கும் துணிமணிகளுக்கும் நடுவே ஒரு பெட்டியை எடுத்துவைத்தார். "மருமகனே, நீ மத்ரஸாவில் ஓதுகிற எழுத்து இதில் வரும் பார்" என்றார். தொலைக்காட்சியோடு அதனை இணைத்தபோது தெருப்பிள்ளைகள் யாவரும் வாயிலில் நின்றனர்.

நிரல்களைச் சேமிக்க அன்று எளியோர்க்குக் கிடைத்த கருவி ஒலிநாடாவே. நிரலை ஏற்றும்போது டேப் ரிக்கார்டரிலிருந்து கீச்சிடும் ஓசை எழும். சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் மின்னழுத்தம் தாழ்ந்தால் எல்லாம் மறைந்துபோம். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டருக்கு வேறொரு பணி ஏற்கெனவே இருந்தது. சவூதியிலிருந்த வாப்பா கடிதத்திற்குப் பதிலாகச் சில வேளை ஒலிநாடாவிற் பேசி அனுப்புவார்கள். அஸர் தொழுகைக்குப் பின் உம்மா அதனைப் போட்டுக் கேட்பார்கள். கணிப்பொறியின் நிரல் வாப்பாவின் குரல்மேல் பதிந்துவிட்டால் என் செய்வது? மாமாதாம் வழி கூறினார். நாடாப் பேழையின் பின்புறத்துள்ள சிறு பிளாஸ்டிக் முனையை உடைத்துவிட்டால் அதன்மேல் எதனையும் பதிய இயலாது. உம்மா ஒவ்வொரு பேழையையும் வாங்கித் தம் கையாலேயே முனையை உடைத்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். காக்க வேண்டியது எது என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

ஸக்ரின் பேஸிக் மொழியில் கட்டளைகளை அரபிலேயே எழுதலாம். பேஸிக் என்பது 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இருவர் மாணவர்க்கென ஆக்கிய எளிய நிரல்மொழி. 10, 20, 30 என வரிக்கு எண்ணிட்டு, செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்வது அதன் முறை. நஹ்வு இலக்கணத்தில் 'அம்ர்' என்னும் ஏவல் வினையை ஓதிக்கொண்டிருந்த நமக்கு, அவ்வேவலைக் கேட்டு உடனே பணிசெய்யும் மாணாக்கன் ஒருவன் கிடைத்தது போலிருந்தது. இளையோரோ கோனாமி நிறுவனத்தின் பெங்குவின் பனிப்பரப்பில் ஓடுவதைக் காணவே காத்திருந்தனர்.

அறிஞர்களை ஈர்த்தது வேறொன்று. 1980களிலேயே திருக்குர்ஆனைக் கணிப்பொறியில் ஏற்றிச் சொற்களைத் தேடும் நிரலை ஸக்ர் நிறுவனத்தார் ஆக்கினர். குர்ஆனின் எழுத்துகள் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டவை என்பது முன்னோர் எண்ணிக் கண்ட கணக்கு. 65,536 எழுத்துக்கே இடமுள்ள நினைவகத்தில் அவை ஒருங்கே அடங்கா. ஆதலின் வேறு சேமிப்பில் வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்தாள வேண்டியிருந்தது. ஒரு சொல் குர்ஆனில் எங்கெங்கு வருகிறது என்றறிய 1842இல் ஜெர்மானியர் குஸ்தாவ் ஃப்ளூகல் ஒரு சொல்லடைவை வெளியிட்டார். எகிப்தின் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ அவர்கள் அதனைத் திருத்தி விரிவாக்கி 'அல் முஃஜமுல் முஃபஹ்ரஸ்' என்னும் பெருநூலைத் தந்தார்கள். அவர் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய பயனைப் பொறி நொடிகளில் தரத் தொடங்கியது. ஆயினும் பொறி இடத்தைக் காட்டும், பொருளைக் காட்டாது. தஃப்ஸீர் ஓத உஸ்தாதின் முன்னே மண்டியிட்டுத்தான் ஆகவேண்டும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தில் நுழைந்தன. ஸக்ரின் பணிகளிற் பெரும்பகுதி கெய்ரோவுக்குப் பெயர்ந்தது. குவைத்தில் வாழ்ந்த இந்தியருள் ஏறத்தாழ 1,70,000 பேர் அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். எம் மாமாவும் அவர்களுள் ஒருவர். ஒற்றைக் கைப்பையோடு வந்திறங்கிய அவர், பல்லாண்டு உழைத்த ஊதியத்தின் சான்றாக எங்கள் வீட்டு மேசைமேலிருந்த அப்பொறியைத் தடவிப் பார்த்த காட்சி இன்னும் மறையவில்லை.

அதற்குள் உலகமும் மாறியிருந்தது. ஐ.பி.எம். வகைப் பொறிகள் எங்கும் பரவின. எம்.எஸ்.எக்ஸ். தரம் மெல்ல மறைந்தது. ஸக்ர் நிறுவனம் மென்பொருளின்பால் திரும்பியது. புகாரீ, முஸ்லிம் தொடங்கி தாரிமீ ஈறாக ஒன்பது ஹதீஸ் நூல்களைக் குறுந்தகட்டில் தந்தது. அச்சிட்ட அரபுப் பக்கத்தைப் பொறியே படித்தறியும் நிரலையும், மொழிபெயர்ப்பு நிரல்களையும் ஆக்கியது. 2021இல் அஷ்ஷாரிக் அவர்களுக்கு இஸ்லாமியப் பணிக்கான மன்னர் ஃபைஸல் பரிசு கிடைத்தது. 2024 மார்ச் மாதம் அவர் இறையடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இன்று அரபுலகில் நடுத்தர வயதினர் பழைய ஸக்ர் பொறிகளைத் தேடி வாங்குகின்றனர், பழுது நீக்குகின்றனர், அதனைப் போலவே இயங்கும் மென்பொருளைப் புதிய கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கின்றனர். அவர்கள் ஏங்குவது அப்பொறியின் வேகத்திற்கன்று. வீட்டில் ஒரே திரை இருந்தது; அதன் முன் குடும்பமே கூடியது. அத்திரை தம் தாய்மொழியில் முதன்முதலாக அவர்களை வரவேற்றது. தம் மொழி புத்துலகுக்கும் உரியது என்னும் உறுதியை அது பிஞ்சு நெஞ்சில் ஊன்றியது. பாறை என்னும் பெயர் அவ்வகையில் பொருந்தியதே.

ஆயினும் காந்த நாடா பாறையன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் பதிந்தவை தேய்ந்து மங்குகின்றன. மறுபடி எடுத்தெழுதினால் ஒழிய அவை நிலையா. இவ்வுண்மையை நன்குணர்ந்ததனாலன்றோ அஷ்ஷாரிக் அவர்கள் தம் பிற்காலத்தில் அரபு இலக்கிய, பண்பாட்டு இதழ்களின் பழைய பக்கங்களைத் திரட்டி, எவரும் காணும்படி மின்வடிவில் ஒரு பெருங் காப்பகத்தை அமைத்தார்!

இங்கேதான் அவருடைய வாழ்வு நம்மை நோக்கி வினா எழுப்புகிறது. தமிழ் முஸ்லிம்களின் இதழ்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்துள்ளன. அரபுத் தமிழில் கல்லச்சிட்ட நூல்களும், பாட்டன்மார் கையால் எழுதிய ஏடுகளும் நம் இல்லங்களின் பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கின்றன. செல்லும் பூச்சியும் அவற்றை ஓயாது வாசிக்கின்றன, நாமோ வாசிப்பதில்லை. படமெடுக்கும் கருவி இன்று ஒவ்வொரு கைபேசியிலும் உண்டு. பெட்டியைத் திறந்து, தூசு தட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஊர் நூலகத்திலும் அறிந்தோரிடத்தும் ஒரு படியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பெரியோர் ஒருவரும் இளையோர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தாற் போதும். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் முன்னவர். புதிய பொறியை இயக்கத் தெரிந்தவர் பின்னவர். முன்னவர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நடைபெறல் வேண்டும்.