முட்டையே எடைக்கல்

முட்டையிடும் கோழி அளவறிந்து இடுவதில்லை. ஒரே கொட்டிலில் ஒரே தீனி தின்னும் கோழிகளின் முட்டைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புதிதாக முட்டையிடத் தொடங்கும் இளங்கோழியின் முட்டை சிறியது. வயது ஏற ஏற முட்டையும் பருக்கும். வெயில் கடுமையாகிக் கோழி தீனியைக் குறைத்துக்கொண்டால் முட்டை மீண்டும் சிறுக்கும். இனத்துக்கு இனமும் அளவு வேறுபடும். வீட்டுக் கோழிகளின் முட்டைகளை ஒரு கூடையில் சேர்த்து வைத்தால், 40 கிராம் எடையுள்ளதும் 65 கிராம் எடையுள்ளதும் அருகருகே கிடக்கும். இத்தகைய முட்டைகளைக் கொண்டு முற்காலத்து ஐரோப்பிய இல்லத்தரசியர் ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் கேக் செய்தது எங்ஙனம்?

கண்ணளவும் கைப்பழக்கமுமே அவர்களுக்குத் துணை என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. அவர்கள் கையாண்ட முறை, இக்காலச் சமையல் நூல்கள் பலவற்றிற் காணும் முறையினும் நுட்பமானது என்பதற்குச் சான்றுகள் உள.

குழம்பிலிடும் முட்டை சற்றுப் பெரிதானாலும் சிறிதானாலும் கேடில்லை. கேக்கின் செய்தி வேறு. முட்டையின் உட்பகுதியில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீரே. எஞ்சியதில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும் ஆகும். அடித்து நுரைக்கும்போது முட்டை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; அடுப்பின் சூட்டில் அக்காற்று விரிந்து மாவை எழுப்புகிறது; எழும்பிய மாவு மீண்டும் அமுங்காதபடி புரதம் இறுகி நின்று தாங்குகிறது. ஆதலின், மாவுக்கு முட்டை மிகுந்தால் கேக் ரப்பரைப்போல் இழுபடும். குறைந்தால் வறண்டு உதிரும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இப்பொறுப்பு முட்டைக்கு இன்னும் மிகுதி. மாவை எளிதில் உப்பச் செய்யும் பேக்கிங் பவுடர் அன்று இல்லை. ஆல்பிரட் பேர்ட் என்பார் அதனை இங்கிலாந்தில் உருவாக்கியது 1843-இல்தான். புளிக்க வைக்காத கேக்கை எழுப்ப முட்டையும், அதனை அடிக்கும் கையுமே கருவிகள். 1747-இல் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூல், வெண்ணெய், மாவு, சர்க்கரை ஆகியவற்றில் ஒவ்வோர் இராத்தலும், 12 முட்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் அடிக்கப் பணிக்கிறது. அம்முட்டைகளின் வெண்கருவிலும் பாதியே சேரும். இராத்தற்கணக்கில் பொருள் சேர்வதால் இதற்கு இராத்தல் கேக் என்பதே பெயராயிற்று.

இங்கு மூன்று பொருள்களுக்கு எடை கூறப்பட்டுள்ளது. முட்டைக்கு மட்டும் எண்ணிக்கையே உள்ளது. அமெரிக்காவில் 1796-இல் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸ் அம்மையாரின் நூல் இக்குறையை நீக்குகிறது. முட்டை ஓர் இராத்தல், அல்லது பத்து என்பது அந்நூலின் கணக்கு. இச்சிறு குறிப்பு ஒரு பெரிய வரலாற்றுச் சான்று. ஓர் இராத்தல் ஏறத்தாழ 454 கிராம் ஆதலின், அக்காலத்து முட்டை சராசரி 45 கிராம் எடையே இருந்தது எனக் கணிக்கலாம். இன்று அமெரிக்காவில் ‘பெரியது’ எனப் பெயரிட்டு விற்கப்படும் முட்டையில் ஒரு டசன் குறைந்தது 24 அவுன்சு நிற்க வேண்டும்; அதாவது, எட்டு முட்டையே ஓர் இராத்தல். எண்ணிக்கையை மட்டும் நம்பி இன்றைய பெரிய முட்டை பத்தினை இடுபவர், அந்நூல் கருதிய அளவினும் காற்பங்கு மிகுதியாக இட்டவராவர்.

1861-இல் நூலாக வெளிவந்த பீட்டன் அம்மையாரின் இல்லற நிர்வாக நூலில் இம்முறை முழு வடிவம் பெற்றுள்ளது. விக்டோரியா சாண்ட்விச் என்னும் கேக்குக்கு 4 முட்டையும், அவற்றின் எடைக்கு எடை சர்க்கரையும் வெண்ணெயும் மாவும் என அது விதிக்கிறது. சவாய் கேக்குக்கு 4 முட்டையின் எடைக்குச் சர்க்கரை, 7 முட்டையின் எடைக்கு மாவு. இவ்விடத்தில் இராத்தலும் அவுன்சும் தேவையற்றுப் போகின்றன. துலாக்கோலின் ஒரு தட்டில் முட்டை; மறுதட்டில் மாவு. முட்டையே எடைக்கல் ஆகிவிடுகிறது! முட்டை சிறுத்தால் மாவும் சிறுக்கும். பருத்தால் மாவும் பெருகும். கேக்கின் அளவு மாறுமேயன்றிப் பதம் மாறாது. பிரெஞ்சு மக்கள் ‘நான்கு கால்கள்’ எனப் பொருள்படும் பெயரிட்டு வழங்கும் கேக்கும் இத்தகையதே. முட்டை, மாவு, சர்க்கரை, வெண்ணெய் நான்கும் கால், கால் பங்கு என்பதே அப்பெயரின் பொருள்.

பின்னர் இம்முறை மங்கியது ஏன்? 1896-இல் வெளிவந்த பேனி பார்மர் அம்மையாரின் பாஸ்டன் சமையற்பள்ளி நூல், கோப்பையும் கரண்டியும் தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்காவில் பரப்பியது. துலாக்கோல் இல்லாத வீட்டுக்கும் அது உதவியது; அதன் நன்மையை மறுத்தற்கில்லை. ஆனால், மாவைக் கோப்பையால் அளந்து முட்டையை எண்ணிக்கையால் இடும்போது, முட்டை ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். அங்காடி அதற்கு வழி செய்தது. முட்டைகள் எடைவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டன. ஆயினும் அத்தரமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 57 கிராம் முட்டை ‘பெரியது’. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 53 முதல் 63 கிராமுக்குட்பட்டது ‘நடுத்தரம்’. ஓரிடத்து நூலில் உள்ள ‘மூன்று முட்டை’ பிறிதோரிடத்தில் அதே பொருள் தருவதில்லை.

எனவே, கம்பத்துக் கோழி வளர்ப்போர்க்குப் பழைய முறையே இன்றும் உற்ற துணை. 38, 52, 64 கிராம் எடையுள்ள மூன்று முட்டைகள் கிடைத்தால் கூட்டுத்தொகை 154 கிராம். மற்ற மூன்று பொருள்களிலும் அதே 154 கிராம் எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. முட்டையை ஓட்டோடு நிறுப்பதாயின் எப்போதும் ஓட்டோடு நிறுத்தல் வேண்டும்; ஓடு மொத்த எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகும். அரை முட்டை தேவைப்படின், ஒன்றை உடைத்துக் கலக்கிப் பாதியை நிறுத்து எடுக்கலாம்.

மலாய் மக்களின் பஹுலு செய்வோரிடத்தும் இவ்வறிவு வேறு வடிவில் உண்டு. முட்டையை எண்ணாமல், உடைத்துக் கோப்பையில் ஊற்றி அளந்து, அதே கோப்பையால் சர்க்கரையும் மாவும் அளப்போர் பலர். அங்கே துலாக்கோல் இல்லை, விகிதம் உண்டு. எழுதி வைத்த எண் காலத்தோடும் இடத்தோடும் பொருள் மாறும், விகிதம் மாறாது. இதனை உணர்ந்து செயற்பட்ட அடுக்களைப் பெண்டிரை அளவறியாதவர் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்றாகும்.