நிற்கக் கூடாத இடம்: நீலகிரிச் சாலை வளைவுகளின் கதை

சாலைகளின் வரலாறு என்றால் அவற்றை வெட்டியவர்களின் வரலாறு என்றே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். நீலகிரியைப் பொறுத்தவரை அந்த வரிசை நமக்கு மனப்பாடம். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் மலையேறினார். 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை அமைந்தது. 1830-32 ஆண்டுகளில் லீ ஹார்டி என்ற இளம் படை அதிகாரி குன்னூர் வழியாகப் பாதை வகுத்தார். அது செங்குத்தாக இருந்ததால் பின்னாளில் கர்னல் லா என்பவர் வேறொரு தடத்தில் வண்டிச்சாலை அமைத்தார். குன்னூருக்குக் கீழேயுள்ள லாஸ் அருவி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. இவர்கள் வருமுன்பே தோடரும் கோத்தரும் படகரும் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள் அங்கே இருந்தன என்பதையும், கல்லுடைத்த கூலிகளின் பெயர்கள் எந்த அருவிக்கும் வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

ஆனால் சாலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதன் வரலாறு அது. யாரும் அதிகம் எழுதாத அந்த வரலாற்றில்தான் இன்று உயிர்கள் ஊசலாடுகின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36. இவ்வளைவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. சாலையின் பிற பகுதிகளைவிட வளைவில்தான் இடம் அகலமாக இருக்கும், ஏற்றமும் சற்றுத் தணிந்திருக்கும். வண்டி ஓட்டிக் களைத்தவருக்கும், பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்புகிறவருக்கும், குரங்குக்கு வாழைப்பழம் போட நினைப்பவருக்கும் அந்த அகலம் ஓர் அழைப்பாகவே தோன்றுகிறது. ஒரு கார் நிற்கிறது. அதன் பின்னால் மற்றொன்றும் நிற்கிறது.

அந்த அகலம் எதற்காக விடப்பட்டது? நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உட்புறமாக வெட்டிச் செல்கின்றன. பேருந்து நீளமாக நீளமாக, வளைவில் அதற்குத் தேவைப்படும் அகலமும் கூடுகிறது. ஆகவே வளைவில் வெறுமையாகக் கிடப்பதாக நமக்குத் தோன்றும் இடம் உண்மையில் வெறுமையானதல்ல. இன்னும் வந்து சேராத ஒரு பேருந்துக்கு உரிய இடம் அது. அதில் கார் நின்றுவிட்டால் பேருந்து எதிர்த்தடத்துக்குச் சென்றுதான் திரும்பியாக வேண்டும். எதிரே வருபவருக்கோ பாறையும் புதரும் மறைப்பதால் எதுவும் தெரியாது.

இதற்குக் கணக்கும் உண்டு. 1934-இல் தொடங்கப்பட்ட இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுகளின்படி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்த 30 மீட்டர் தூரம் முன்னே தெரிய வேண்டும். 40 கிலோமீட்டர் வேகமென்றால் 45 மீட்டர். நெருக்கமான மலை வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இறக்கத்தில் வரும் வண்டியை நிறுத்துவதும் சமதளத்தைவிடக் கடினம். நின்றுகொண்டிருக்கும் கார் ஓடும் காரைவிட அபாயமானதாக மாறுவது இப்படித்தான்.

நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தும் எண்ணம் மோட்டார் யுகத்தில் பிறந்ததல்ல. நியூயார்க் காவல்துறை 1903-இல் வெளியிட்ட, வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ வகுத்த போக்குவரத்து விதிகள் குதிரை வண்டிகளைக் கண்முன் கொண்டு எழுதப்பட்டவை. நடைபாதை ஓரத்தை ஒட்டியே நிறுத்த வேண்டும், தெருச் சந்திப்பை மறிக்கக் கூடாது என்று அவை கூறின. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்த வேண்டாம் என்கிறது. நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பிறருக்கு அபாயமோ இடையூறோ விளையும்படி வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. 1989-இல் வந்த சாலை விதிகள் சந்திப்பு, வளைவு, மேட்டின் உச்சி ஆகியவற்றின் அருகே நிறுத்தலாகாது என்றன. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்றும் அவை கூறின. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

ஆக, விதி இல்லாமல் இல்லை. பின் ஏன் அது வளைவில் தோற்றுப்போகிறது?

அதே 1988 சட்டத்தில் 117-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்து, வண்டிகள் நிற்பதற்கான இடங்களைத் தீர்மானிக்க அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. இங்கே நிற்காதே என்பது சட்டத்தின் ஒரு பாதி. வேறெங்கே நிற்கலாம் என்பது மறுபாதி. இந்த மறுபாதியைத்தான் நாம் மறந்துபோனோம் என்று தோன்றுகிறது. உதகை சேரிங் கிராஸ், லண்டன் சந்திப்பொன்றின் பெயரைப் பெற்றது. அங்குள்ள நீரூற்று, 1881-இல் காலமான சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் ஆடமின் நினைவாக எழுந்தது. குதிரையும் நடையுமாக இருந்த காலத்தின் அளவுக்கு விடப்பட்ட தெருமுனை அது. கோடைக்காலத்தில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 ஊர்திகள் வருவதாக உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரம் கூறியது. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பிட்டது. எண்ணிக்கையைக் குறைத்தாலும், வந்த வண்டி எங்கே நிற்கும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இக்கேள்விக்குப் பழைய விடை ஒன்று மலையிலேயே இருக்கிறது. குன்னூர்ச் சாலையில் பர்லியாறு, வண்டிகள் நின்று இளைப்பாறும் இடமாக நெடுங்காலம் இருந்து வருகிறது. பருவத்தில் மங்குஸ்தானும் பலாவும் அங்கே விற்பனைக்கு வரும். வளைவில் கூடை வைத்துப் பழம் விற்கும் பெண்ணை நாம் குற்றவாளியாக்கிவிட முடியாது. வண்டி நிற்கும் இடத்தில்தான் அவள் கடை நிற்கும். வண்டிகளுக்குப் பாதுகாப்பான இடம் கொடுத்தால் கடையும் அங்கே நகரும். இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் விதித்தால், காவலர் நகர்ந்ததும் கூடை பழைய வளைவுக்கே திரும்பும்.

2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தனர். அதற்கு நின்ற வண்டி எதுவும் காரணமென்று நாம் சொல்லவில்லை. இச்சாலையில் தவறுக்கு இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது என்பதற்கே அதை நினைவுகூர்கிறோம். அவ்வளவு சிறிய இடைவெளியில் ஒரு புகைப்படத்துக்காகக் காரை நிறுத்துகிறவர், தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்கிறார். லீ ஹார்டி காலத்திலிருந்து மலைச்சாலை எத்தனையோ முறை அகலமாகியிருக்கிறது. வளைவுக்கு அப்பால் பார்க்கும் கண்ணை மட்டும் எந்தப் பொறியாளராலும் நமக்குத் தர முடியவில்லை. அதனால்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்தார்கள்.