முத்துக்கரையும் வெடியோசையும்

அந்நாளைய முத்துக்குளிப்புக் காலத்தில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊரில் இரவு பத்து மணியளவில் பீரங்கி முழங்கும். தூத்துக்குடிப் படகுகளும் சேர்ந்த முத்துக்குளிப்புப் படகுக் கூட்டம் அதைக் கேட்டே பாய் விரித்ததை ராபர்ட் பெர்சிவல் 1803-இல் வெளியான நூலில் பதிந்தார்.

மெல்லிய ஒலியில் அலை முழுவதும் ஒரே வேகத்தில் செல்லும். பீரங்கி முழக்கம் போன்ற வெடிச்சத்தத்தில் அப்படியல்ல. அழுத்தம் மிகுந்த முகடு விரைந்தோடி முன்னால் போகும் பள்ளத்தை எட்டிப்பிடிக்கும்; அலையின் முகப்பு செங்குத்தாகி அதிர்ச்சி அலையாகும். 1808-இல் கணித அறிஞர் பாய்சான் தொட்ட இச்சிக்கலை 1848-இல் ஸ்டோக்ஸும், 1860-இல் ரீமானும் எர்ன்ஷாவும் மேலும் ஆராய்ந்தனர்.

ஏட்டிலிருந்த கணக்கு கடலில் கொடுமையானது.

1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கும் வழக்கம் பல நாட்டுக் கரைகளில் பரவியது. மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். காற்றில் சுமார் 340தான். வெடியின் அலை மீனின் காற்றுப்பையைக் கிழிக்கும், பவளத்தை நொறுக்கும். குஞ்சு, பெரிசு என்று பார்க்காது. 1897-இன் இந்திய மீன்வளச் சட்டமே வெடி போட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிவிட்டது.

அதே இயற்பியலுக்கு நல்ல முகமும் உண்டு. 1963-இல் இயற்பியலாளர் வெஸ்டர்வெல்ட், வலிய இரண்டு உயர் அதிர்வெண் ஒலிகள் நீரிலேயே கலந்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்துக்குச் சமமான அதிர்வெண்ணுள்ள தாழ் ஒலியைக் குறுகிய கற்றையாகப் பிறப்பிக்கும் என்று விளக்கினார். அந்த முறையில் இயங்கும் சோனார் இன்று கடலடி வண்டலின் அடுக்குகளைக் காட்டுகிறது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தோட்டாவுக்கு இடமில்லை.