செக்ரோலுக்கு வெளியே: அப்புத்தளைத் தோட்டங்களில் இளையோர் சொந்தக்காலில் நிற்கப் பழகும் வழிகள்

மலையக இளைஞர்களுக்கு ‘வாழ்க்கைத் திறன்’ கற்பிக்க நடக்கும் பட்டறைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. தீர்மானம் எடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னை அறிதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று உலக சுகாதார நிறுவனம் 1990களில் பாடசாலைகளுக்கென வகுத்த பட்டியல் சுவரில் ஒட்டப்படும். ஒரு குழு விளையாட்டு நடக்கும். சோற்றுப் பார்சலுக்குப் பிறகு சான்றிதழ் கொடுப்பார்கள். இவை வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதைக் கற்பித்துவிட்டு, இல்லாததைத் தொடாமலே போய்விடுகின்றன. அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுவது இதுதான்: இங்குள்ள இளையோருக்கு வாழத் தெரியும், நிறுவனங்களோடு நேருக்கு நேர் பேசிப் பழகிய அனுபவம்தான் குறைவு. அக்குறை ஒரு வரலாற்றின் விளைவு. அதைத் தீர்ப்பதற்கான பயிற்சிக்களம் தோட்டத்தின் சொந்தச் சங்கங்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், தெரிந்திருப்பது எது என்று பார்ப்போம். பிட்டரத்மலையிலோ தம்பேத்தன்னயிலோ ஒரு லயத்துக் காம்பராவில் (தோட்ட வரிசைவீட்டு அறையில்), அம்மா காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குக் கிளம்பும் முன்பே மூத்த பெண்பிள்ளை எழுந்துவிடுகிறாள். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறாள், சம்பல் அரைக்கிறாள், தம்பிக்குச் சட்டை போட்டுவிடுகிறாள், கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தால் அம்மாயிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் ஒரு குடும்பத்தின் காலைப்பொழுதைத் தனியே நடத்துகிறவளுக்கு நேர முகாமைத்துவம் பற்றி விரிவுரை எதற்கு? அதே பெண் பத்தொன்பது வயதில் பண்டாரவளையில் ஒரு வங்கி முகப்பின் முன் நிற்கும்போது, படிவத்தை நிரப்பித் தரும்படி யாரையோ தேடுகிறாள். லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஆட்டோ ஓட்டும் பொடியன் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசிவிடுவான். பிரதேச செயலகத்துக்குள் போக மட்டும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போவான். இதைக் கூச்ச சுபாவம் என்று உளவியலின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தோட்டம் என்பது தொடக்கத்திலிருந்தே இடையாள் வழியாக இயங்கிய அமைப்பு. ஆள் சேர்த்ததும் கடன் கொடுத்ததும் கங்காணி, சம்பளக் கணக்கு கணக்கப்பிள்ளை கையில், மேலே துரை. தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேத்தன்னயில் தொழிற்சாலை கட்டிய காலத்தில் வீடு, மருந்து, சுடுகாடு எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கைக்குள் இருந்தன. சுதந்திரம் வந்தும் நிலைமை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஆகவே இன்றைய இருபது வயதுக்காரரின் பாட்டன் பாட்டி பலருக்கு, அரச அலுவலகம் என்பது தம்மை ஏற்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யும் இடமாகவே இருந்தது. கொழும்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை எந்த யன்னலில் எந்தத் தாளைக் கொடுப்பது என்பதை வீட்டுப் பேச்சிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. லயத்தில் அந்தப் பேச்சு இல்லை, ஏனென்றால் அதைப் பேசுவதற்கான அனுபவம் மூத்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

இடையாள் முறை இன்னும் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சின்னச் சின்னக் காரியங்களில் காணலாம். கிராமத்தில் அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தர் சான்றளிக்கிறார். தோட்டத்தில் அந்த இடத்தில் தோட்ட அத்தியட்சகர் இருக்கிறார். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சில வேளை நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வீடு வந்து சேரும். வீட்டில் ஒருவராவது தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்ற அழுத்தமும் உண்டு. பேர் பதியாத மகன் அந்தக் கூரைக்கு அந்நியன் போல ஆகிவிடுகிறான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, சபை நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடத் தடை இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் கதவைத் திறந்தது. முப்பது ஆண்டுகளாக, வாக்களித்த சபையிடம் ஒரு மின்விளக்கைக்கூடக் கேட்க முடியாத இடத்தில் வளர்ந்தவர்களிடம் ‘குடிமைத் திறன் குறைவு’ என்று ஆய்வறிக்கை எழுதுவதில் ஒரு விந்தை இருக்கிறது.

இந்தக் குறை உயிரையும் வாங்கக்கூடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை யாரிடம் தங்கியது, யார் அசட்டை செய்தது என்ற பழிச்சண்டை பிறகு நெடுநாள் நடந்தது. இளையோர் கல்வி பற்றிப் பேசுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்படியொரு அறிக்கை இருப்பதை அறிந்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, மாற்றுக்காணி எங்கே என்று எழுத்தில் பதில் கேட்கக்கூடிய பத்து இளைஞர்கள் லயத்தில் இருந்திருந்தால்? பழி அவர்கள்மேல் விழாது, அது அதிகாரத்தில் இருந்தவர்களுடையது. ஆனால் சுயமாக வாழும் திறன் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதற்கு அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தை விட்டுப் போகிறவர்களின் நிலையும் இதனோடு சேர்ந்ததுதான். அப்புத்தளை ஸ்டேசனில் ரயில் ஏறிக் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலைக்குச் சேர்கிறவனுக்கு, அங்கே முதலில் போன ஊர்ப் பொடியன்தான் வழிகாட்டி. தங்க இடம், முதலாளியின் குணம், பஸ் இலக்கம் எல்லாம் அவனே சொல்லிக்கொடுக்கிறான். எந்தப் பட்டறையாலும் ஈடுசெய்ய முடியாத உதவி அது. ஆனால் அவனுக்கே தெரியாததை அவனால் சொல்லிக்கொடுக்க முடியாது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறது. சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம், அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியே 3 சதவீதம். தோட்டத்தில் அப்பாவின் சம்பளத் துண்டில் இந்தக் கழிவுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நகரத்தில் கைக்காசாக வாங்கும்போது அவை காணாமல் போனதைக் கேட்பதில்லை. அந்தத் துண்டை ஒரு தடவை மேசையில் விரித்து வரிவரியாக வாசித்துக் காட்டுவது, என் மதிப்பீட்டில், ஒரு நாள் பட்டறைக்குச் சமம். சமையற்கட்டில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர் பரீட்சைச் சான்றிதழ் இல்லாமலே முன்னனுபவத்தைக் காட்டித் தேசிய தொழிற் தகைமை பெறலாம் என்பதும் அப்படிச் சொல்லப்பட வேண்டிய செய்தி. வேலைக்கான குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக 2021இல் உயர்ந்தது என்பதைப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? இங்கேதான் தோட்டத்தின் சொந்தச் சங்கங்கள் வருகின்றன. வெளியார் கண்ணுக்கு மரண உதவிச் சங்கம் என்பது பந்தல், வாங்கு, பெரிய பானை வைத்திருக்கும் குழு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு சிறு அரசாங்கம். சம்பள நாளுக்கு மறுநாள் வீடுவீடாகச் சந்தா வாங்குகிறார்கள். ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் பேர், தொகை, பாக்கி. இழவு விழுந்த வீட்டுக்கு அன்றைக்கே பணம் போக வேண்டும், ஆகவே கையிருப்பு எப்போதும் சரியாக இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் கணக்கை உரத்து வாசிக்கும்போது, இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கிழவர், “அந்தப் பெட்ரோமக்ஸ் திருத்தின காசு எங்க?” என்று கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும். கணக்கு வைத்தல், பொது இடத்தில் பேசுதல், எதிர்க்கேள்வியைத் தாங்குதல், பதிவுக்காகப் பிரதேச செயலகத்துக்கு எழுதுதல் என எல்லாமே அங்கே உண்மையான பணத்தோடும் உண்மையான துக்கத்தோடும் நடக்கின்றன. பதினேழு வயதில் உதவிச் செயலாளராக அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தவருக்கு வங்கி முகப்பு அந்நியமாக இருக்காது. கோயில் கமிட்டிக்கும் பெண்களின் சீட்டுக்கும் இதே குணம் உண்டு.

சங்கங்களைப் பொன்னாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. பல இடங்களில் பதவி ஒரே குடும்பத்தில் சுற்றுகிறது. சாதி பேசப்படாமலே வேலை செய்கிறது. தொழிற்சங்கக் கட்சி பிளந்தால் மரணச் சங்கமும் இரண்டாகிறது. சந்தாவைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் பெண்கள். கணக்கு வாசிப்பவர்கள் ஆண்கள். இத்தனை கறை உள்ள அமைப்பை நம்பிப் பிள்ளைகளை விடலாமா என்ற மறுப்பு நியாயமானது. வெளி நிறுவனத்தின் பட்டறை இந்த அழுக்கில்லாமல் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது சுத்தமாக இருப்பதற்குக் காரணம் அங்கே பணயம் எதுவும் இல்லாததுதான். அதிகாரம் எப்படி மறைக்கப்படுகிறது, எப்படிக் கேட்டு வெளியே கொண்டுவரப்படுகிறது என்பதைப் பிள்ளை பழக வேண்டிய இடமும் இந்தச் சங்கம்தான்.

மொழி பற்றி ஒன்று. 1999ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவிப்பின்படி அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை உட்பட பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள். தமிழில் படிவம் கேட்பது உரிமை. சிங்களம் கற்றுக்கொள்ளச் சொல்லும் பயிற்சியாளர்கள் அநேகர், அறிவுரை சரியானதே. ஆனால் பிள்ளையின் சிங்களம் வளர வளர அலுவலகத்தின் கடமை கரைந்துபோகக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவர்களை நான் அதிகம் காணவில்லை.

இனிச் செய்யக்கூடியது பெரிய திட்டமொன்றும் அன்று. 2018 திருத்தத்தின் பின் அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பிரதேச சபைகளுக்குத் தோட்டங்களுக்குள் செலவிட வழி உண்டு. சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, சபையின் படிவங்கள், வாரத்தில் ஒரு மாலை வந்திருக்கும் தமிழ் தெரிந்த ஓர் அலுவலர் போதும். படிவத்தை அவர் நிரப்பிக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வைக்கலாம். இல்லாவிட்டால் புதிய இடையாள் ஒருவர் பிறந்துவிடுவார். கடினமான பகுதி சங்கத்தின் பக்கம் இருக்கிறது. வழக்கமாக அங்கே உறுப்புரிமை குடும்பக் கணக்கில் ஓடுகிறது. நன்னடத்தைத் திணைக்களத்தின் கீழுள்ள இல்லமொன்றில் வளர்ந்து 18 வயதில் தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு, காம்பரா மாமாவின் பேரில் இருக்கிறது, செக்ரோலில் பேர் இல்லை, சங்கக் கொப்பியிலும் வரி இல்லை. 18 வயதான எவரும், ஆணோ பெண்ணோ, தன் பேரில் சந்தா கட்டி உறுப்பினராகலாம் என்று யாப்பைத் திருத்த ஓர் ஆண்டுக் கூட்டம் போதும். கையைத் தூக்க வேண்டியவர்கள் அந்தக் கிழவரும் அவர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும்தான்.