வெங்கானூர் வில்வண்டி

விழிஞ்ஞத்தை அடுத்துள்ள ஊர் வெங்கானூர். 1893ஆம் ஆண்டில் அங்கிருந்து புறப்பட்ட ஒரு வில்வண்டி திருவிதாங்கூர் வரலாற்றில் இடம்பெற்றது.

நெல்லும் தேங்காயும் ஏற்றும் பாரவண்டிக்கு வில் கிடையாது. அச்சின்மேல் நேரே சட்டம் அமர்ந்திருக்கும். குழிதோறும் அதிர்ச்சி முழுதும் மேலே ஏறும். ஆயினும் பாரத்தால் வண்டி தாழாது. எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லோ வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வில் மெல்லியதானால் சுகமுண்டு, பாரம் தாங்காது. தடித்ததானால் பாரம் தாங்கும், உடம்பு குலுங்கும். பிற்காலத்தில் காடுமேடு ஏறும் ஜீப்பை வகுத்தோருக்கும் இதே சங்கடந்தான். ஆகவே வில்வண்டி மனிதர் அமர்வதற்கென்றே ஆயிற்று. அதிலும் செல்வாக்குடையோர் அமர்வதற்கு.

புலையர் குலத்தார் பொதுச்சாலையில் நடப்பதையே அந்நாளைய வழக்கம் தடுத்தது. அக்குலத்திற் பிறந்த அய்யன்காளி (1863–1941) ஒரு வில்வண்டியை வாங்கினார்; இரு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார்; தலைப்பாகை அணிந்து, மணியோசை கேட்கச் சாலையிலே சென்றார். பாரவண்டியில் சென்றிருந்தால் அது கூலிவேலையாகவே பிறர் கண்ணிற் பட்டிருக்கும் என்பது என் கருத்து. வழிமறித்தோரும் உண்டு, அவர் திரும்பவில்லை. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் உறுப்பினராய் அமர்ந்தார்.